அடக்கமான வைத்தியர்

...இந்த மருத்துவப் பாதுகாப்பு மசோதாவை நான் வரி வரியாக வாசித்தால் நீங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவீர்கள். எனக்குத் தெரியும். அதனால் மசோதாவை மடித்து வைக்கிறேன். ஒரு சின்னக் கதை சொல்கிறேன்... கேளுங்கள்.

சட்டம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பட்டம் வேண்டாம், பதிவு வேண்டாம், யாரும் வைத்தியம் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. 'நான் பதிவு பெற்ற மருத்துவன் இல்லை' என்று வாசலில் பலகை மாட்ட வேண்டும். வருகிறவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால்... அப்புறம் என்ன நடந்தாலும் அவர் மேல் வழக்கு கிடையாது. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது.

தென்காசிப் பக்கம் ஒரு ஊர். அங்கே இசக்கி என்று ஒரு பரோட்டா மாஸ்டர். அவர் மாவு வீசுவதைப் பார்க்கவே கடை வாசலில் ஆள் நிற்கும். ஒருநாள் அடுப்படியில் சிந்திய எண்ணெயில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மனைவி பேச்சியம்மாள் எங்கே கூட்டிப்போனாள்? ஆஸ்பத்திரிக்கா? இல்லை... எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வெயிலுமுத்து வீட்டுக்கு.

வெயிலுமுத்து பலகை மாட்டியிருந்தார். சட்டத்தை மீறாத மனிதர்! ஆயுத பூஜை முடிந்த சமயம். நாம் அரிவாள்மனை முதல் ஆட்டோ வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கிறவர்கள் அல்லவா? அந்தப் பலகைக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்தி மாலை. பேச்சியம்மாள் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்: "தம்பி, முதல்லயே சொல்லிருதேன். நான் டாக்டர் இல்ல. படிக்கல. பதிவும் கிடையாது. கேட்டுக்கிட்டியளா?"

இசக்கிக்கு அந்த வலியிலும் சிரிப்பு. "என்ன அண்ணாச்சி, இப்படிச் சொல்லுதிய! எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த மாஸ்டர், ஒரு கல்யாண வீட்டுக்கே ஆக்கிப் போட்டுட்டு, 'எனக்கு என்னடே தெரியும்'பாரு. பெரிய ஆளுக எல்லாம் அப்படித்தான்."

பேச்சியம்மாள் புருஷன் காதில் சொன்னாள்: "எவ்வளவு அடக்கமான மனுசன் பாத்தியளா!"

சிரிக்கிறீர்கள்... சிரியுங்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று ஒருவன் சொன்னால், இவனுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நம்புகிற கூட்டம் நாம். இந்த மசோதாவை எழுதியவர்களுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசினார். மூங்கில் பத்தை வைத்தார். துணியால் இறுக்கிக் கட்டினார்... ரொம்ப இறுக்கி. "கட்டுனவன் கைதான் பிரிக்கணும். வேற கை பட்டா எலும்பு சேராது" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விரல் வீங்கியது. அப்புறம் மரத்துப்போனது. அப்புறம் நுனி நீலமானது. பேச்சியம்மாள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

"ஏங்க, வெட்டி விட்டுருதேன்."

"ஏட்டி, கைய வைக்காத! அண்ணாச்சி வரட்டும்."

அண்ணாச்சி எங்கே? சென்னையில். எதற்கு? இந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்லும் விழாவுக்கு! போன் போட்டாள். அந்தப் பக்கம் கைதட்டல் சத்தம்.

"வீங்குதாம்மா? மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். தொட்டுராதிய."

அவள் கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

நான் சித்த மருத்துவம் படித்தவன். ஐந்தரை வருஷம். கட்டுப் போட்டால் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்த நகம் உடனே சிவந்தால் சரி, சிவக்காவிட்டால் கட்டைத் தளர்த்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஐந்தரை வருஷம் தேவையில்லை. ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைக்கூட இந்த மசோதா அவரிடம் கேட்கவில்லை! 'கிளினிக்கில் ஈ ஓட்டுகிறான், பொறாமையில் பேசுகிறான்' என்று என்னைச் சொல்கிறார்கள். சொன்னவர் இங்கேயே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். சரி, பொறாமைதான். பொறாமைக்காரன் சொல்கிறான் என்பதற்காக நீலமான விரல் சிவந்துவிடுமா?

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். நான்கு விரல்களை எடுத்தார்கள். கட்டை விரல் மட்டும் மிச்சம்.

பேச்சியம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"வாசல்ல பலகை இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார்."

"டாக்டர் இல்லைன்னு வாயால சொன்னாரா?"

அந்தம்மா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய்... 'சொல்லவில்லை' என்று. சொல்லத் தெரியவில்லை.

"சொன்னாரு சார்... நல்லா அடக்கமாச் சொன்னாரு."

எஸ்.ஐ. பேனாவை மூடிவிட்டார். "அப்ப கேஸ் இல்லம்மா."

இதுதான் கதை. இப்போது சொல்லுங்கள்... பாதுகாப்புச் சட்டம் என்கிறார்களே, பாதுகாப்பு யாருக்கு? மாவு வீசிய கைக்கா, கட்டுப் போட்ட கைக்கா? யாரிடமிருந்து பாதுகாப்பு? நோயிடமிருந்தா? இல்லை ஐயா... பேச்சியம்மாளிடமிருந்து! ஒரு பெண் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றுவிடக் கூடாது என்பதற்கு ஒரு சட்டம். வைத்தியம் நன்றாகத் தெரிந்தவனுக்கு இது எதற்கு? பட்டம் இல்லாதவரிலும் நல்லவர் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. அவரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடு, சோதித்துப் பார், பதிவு கொடு. அதைச் செய்யாமல் பலகை மாட்டச் சொல்கிறாயே, ஏன்?

தாய்மார்களே, பெரியவர்களே... நாளைக்கு ஒருவர் உங்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ரொம்பப் பணிவாக, 'நான் டாக்டர் இல்லை' என்பார். தயவுசெய்து இசக்கி மாதிரி சிரித்துவிடாதீர்கள். அந்த மனிதர் அப்போது அடக்கமாகப் பேசவில்லை.

முன்ஜாமீன் வாங்கிக்கொண்டிருக்கிறார்... உங்களிடமே.