பின்சீட்டில் தலையணைகள்

பழைய ஹைப்ரிட் கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், முதலில் பின்சீட்டில் போய் உட்காருங்கள் என்பேன். எல்லோரும் நேரே ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார்கள். விஷயம் பின்னால் இருக்கிறது. சீட்டின் ஓரத்தில், இடுப்பு உயரத்தில், சல்லடை போல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். எஞ்சினோடு சேர்ந்து வண்டியை இழுக்கும் பெரிய பேட்டரி அதன் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. அது அடைபட்டால் பேட்டரி சூடாகும். சூடானால் வேலைநிறுத்தம் செய்துவிடும். இந்த யோசனைக்கு நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை, ஐயா. உங்களுக்கும் இலவசம்தான். நீங்கள் வந்து இறங்கிய ஜீப்பில் பெல்ட் கீச்சிடுகிறது, அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

எனக்கு உதிரிபாகக் கடை. உறவில் யாரும் நான் பார்க்காமல் வண்டி வாங்கமாட்டார்கள். டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முகர்ந்து பார்ப்பேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால் எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த நுனியில் சேற்று வாடை காட்டிக்கொடுத்துவிடும். விற்பவருக்கு அப்போதே வியர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

என் தங்கை மாடியில் குடியிருந்தாள், கணவனோடும் மகளோடும். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். கல்யாணம் ஆகியும் அவள் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தது மாப்பிள்ளையின் நல்ல குணம். அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. தங்கமான மனிதர்.

அந்தத் தங்கத்துக்கு மலைமேல் ஒரு ஊரில் வேலை கிடைத்தது. வீடும் தருகிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் தூரம் என்பதால் கார் இல்லாமல் அங்கே குடித்தனம் நடத்த முடியாது. கார் அமைந்தால் போவோம், இல்லாவிட்டால் இங்கேயே இருப்போம் என்று தங்கை சொல்லிவிட்டாள். பெட்ரோல் மிச்சமாகும் என்று மாப்பிள்ளை பழைய ஹைப்ரிட்டாகத் தேட ஆரம்பித்தார். பார்த்துச் சொல்ல வேண்டியவன் யார் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள்.

முதல் வண்டியின் பெல்ட்டை முகர்ந்து, "மூழ்கின வண்டி மாப்பிள்ளை, வேண்டாம்" என்றேன். நல்ல எலுமிச்சை வாசனை வந்தது. அடுத்ததற்கு பேட்டரி போய்விட்டது என்றேன். பேட்டரி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அதற்கடுத்த வண்டிக்குக் காரணம் எதுவும் தோன்றாமல், எஞ்சினுக்குள் தலையை விட்டு வெகுநேரம் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது. திரும்பி வரும்போது மாப்பிள்ளை, "நீங்க மட்டும் இல்லேன்னா என் தலையில கட்டியிருப்பாங்க மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

கடைசியாக ஒரு பல் டாக்டர் அம்மாவின் கார் வந்தது. பல்லைப் போலவே வண்டியையும் வைத்திருந்தார். அந்தச் சல்லடை ஜன்னலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவே ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, கருவி மாட்டி, எல்லாம் பச்சையாகக் காட்டிவிட்டார். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுண்ணா, எடுக்கலாமா?"

"தாராளமா எடுக்கலாம்மா" என்றேன். அன்று நான் சொன்னது முழு உண்மை. இதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

புறப்படும் நாள் வீடே கலகலப்பாக இருந்தது. மாப்பிள்ளை முதலில் சாமான்களோடு தனியாகப் போகட்டும், தங்கையும் பிள்ளையும் பிறகு பஸ்ஸில் வரட்டும் என்று ஏற்பாடு செய்தவன் நான்தான். குழந்தை விஷயத்தில் நான் ரொம்ப ஜாக்கிரதை. சாமான் ஏற்றியதும் நான்தான். டிக்கியில் பாத்திரம், பின்சீட்டில் மெத்தை, தலையணைகள். குட்டி மருமகள் தன் தலையணையைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். மாமா வேறு வாங்கித் தருகிறேன் என்று சமாதானம் செய்து வாங்கினேன். அந்தச் சல்லடை ஜன்னலில் அது அச்சாகப் பொருந்தியது.

பிறகு ஓட்டுபவர் பக்கம் குனிந்து சொன்னேன். "ஏத்தத்துல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பழைய ஹைப்ரிட்னா அப்படித்தான், கண்டுக்காதீங்க. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

அவர் தலையாட்டினார். எங்கள் வீட்டில் டாக்டர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த மலைப்பாதை எனக்கு உள்ளங்கை மாதிரி. எங்கே வண்டி திணறும், எந்த வளைவில் மேலிருந்து லாரிகள் அகலமாகத் திரும்பும் என்பதெல்லாம் தெரியும். சமையலறையில் தங்கைக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். கையில் வெங்காயம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். நான் செய்த ஒரே தவறு அதுதான்.

"மச்சான், விளக்கு வந்துடுச்சு. வண்டி ஊருது. இங்க ஓரமா இடம் இருக்கு, நிறுத்திடவா?"

"வேண்டாம் மாப்பிள்ளை. அந்த வளைவைத் தாண்டிடுங்க, சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி மச்சான்" என்றார். அவருடைய கடைசிப் பேச்சு அதுதான். என்மேல் அவ்வளவு மரியாதை வைத்திருந்தார்.

ஆக, ஆமாம், நான்தான். அந்த வளைவில் வண்டி ஊர்ந்தால் மேலிருந்து வரும் லாரி என்ன செய்யும் என்று தெரிந்தேதான் செய்தேன். அவர்மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. தங்கை இன்னும் மாடியில்தான் நடக்கிறாள். சில நாட்களாக ராத்திரி பகலாக நடக்கிறாள். எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்குகிறது. அவள் என்னோடு பேசுவதில்லை என்பது வாஸ்தவம்தான். களைப்பு, வேறொன்றுமில்லை. உங்களுக்கு அந்த போன் பேச்சைச் சொன்னது அவள்தான் என்றும் தெரியும். சின்ன வயதிலிருந்தே என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாதவள்.

வாசலில் பெட்டியோடு நிற்கிறாள், பாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கோ போகிறாளாம். வாடகைக் கார் வந்து நிற்கிறது. அதுவும் பழைய ஹைப்ரிட்தான், சத்தமே இல்லாமல் வந்தது. விலங்கை மாட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா. நான் பார்க்காமல் அவள் எந்த வண்டியிலும் ஏறியதில்லை.