சாட்சி சொல்ல எழுந்தவள்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். பெருவெள்ளத்தின்போது எங்கள் முடிச்சூர்த் தெருவில் முதலை நீந்தியதாகப் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒருவரிடம் சொன்னேன். அது தாம்பரம் போய்த் திரும்பி என்னிடமே வந்தபோது குட்டியும் போட்டிருந்தது. ரிட்டயரான மனிதனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு.

ஆனால் என் மனைவி மெட்டில்டாவின் காலை டாக்டர் கெடுத்தது நிஜம். முழங்கால் ஆபரேஷனில் நரம்பைக் காயப்படுத்திவிட்டார். வலது பாதம் துவண்டு தொங்கியது. நஷ்ட ஈடு கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனேன்.

"கொஞ்ச நாள்ல சரியாயிடுமா சார், இல்ல நிரந்தரமா?" என்று வக்கீல் கேட்டார்.

நிரந்தரம் என்றேன். அந்தச் சொல்லில் ஒரு கம்பீரம் இருந்தது. படுத்த படுக்கை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் நரம்பு தானாக உயிர்பெற்றுவிட்டது. ஒருநாள் காலையில் அவள் அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷப்பட்டேன். ஒரு தோசை வேகும் நேரம் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு வெளியே போகும்போதெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். சபையார் ஜெபிக்க வந்தால் அவளைப் போர்வைக்குள் படுக்கவைத்தேன். அவர்கள் அழுதார்கள், அவளும் அழுதாள். நன்றாகவே பொருந்தியது.

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் சபையில் சுகம் பெற்றவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். சொல்லாமல் மறைப்பது அவளுக்குத் திருட்டு மாதிரி.

"ஏங்க, ஆண்டவர் நடக்க வெச்சிருக்காரு. நான் படுத்துக்கிட்டு நடிச்சா அவர் என்ன நெனப்பாரு?"

"தீர்ப்பு வரட்டும் மெட்டில்டா. அப்புறம் சேர்த்துச் சொல்லிடலாம்."

"வாய்தா குடுக்கறதுக்கு அவர் என்ன கோர்ட்டா? வர்ற ஞாயித்துக்கெழம நான் போறேன். நீங்க பூட்டினா பால்கனியில நின்னு சொல்வேன்."

அந்த டாக்டரிடம் வேலை செய்யும் நர்ஸ் ஜான்சி எங்கள் சபைப் பாடகர் குழுவில்தான் நிற்கிறாள். மெட்டில்டா அங்கே நடந்து வந்தால் போதும். நான் பொய்யன், டாக்டர் உத்தமர். என் நிலைமையை யோசியுங்கள். எந்தப் பக்கமும் வழியில்லை. கெடுத்தவன் தப்பிப்பது நியாயமா?

குளியலறையில் எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நான்தான் ஊற்றினேன். சனிக்கிழமை, அவள் தலைக்குக் குளிக்கப் போகுமுன். அதிகமில்லை, ஒரு அப்பளம் பொரிக்கக்கூடப் போதாது. விழுந்ததும் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். நான்தான் தூக்கினேன்.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இந்த வயதில் இனி எழுந்திருப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கோர்ட்டில் நான் கொடுத்த மனுவை இப்போது படித்துப் பாருங்கள், மேடம். நிரந்தரம். படுத்த படுக்கை. அதில் கூட்டிச் சொன்னது என்று இனி ஒரு எழுத்துகூடக் கிடையாது. அந்த டாக்டர் தப்பவே முடியாது.