புள்ளி இருக்கும் இடம்

வரிசை கோணினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. உங்கள் மேஜையில் கோப்புகள் கோணலாகக் கிடக்கின்றன, மேடம். பரவாயில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதியோர் இல்லங்களுக்கு மருந்தைக் குப்பிகளில் நிரப்பி அனுப்பும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் புரோகிராம் எழுதினேன். யாருக்கு, என்ன மருந்து, எத்தனை மில்லி என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே நீள வரியாக ஒட்டிக் கிடக்கும். எது பெயர், எது அளவு என்று பிரித்துச் சொல்வது நாங்கள் எழுதும் வரையறைதான். நான் எழுதினால் வரிக்கு ஒரு விஷயம். ஒன்றுக்குள் அடங்குவது நான்கு இடம் தள்ளி நிற்கும். பெயர்கள் முழுதாக இருக்கும், எதற்கு எத்தனை எழுத்து, எத்தனை இலக்கம் என்ற அகலங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இறங்கும். நேற்று சேர்ந்தவர்கூட டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

அடுத்த நாற்காலியில் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அவர் எழுதியது அவரைத் தவிர கடவுளுக்கும் புரியாது. ஒரு வரியில் ஆறு விஷயத்தைத் திணிப்பார். பெயர் கேட்டால் எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு. நான் திட்டுவேன், அவர் சிரிப்பார்.

பிறகு ஆள் குறைப்பு வந்தது. எங்கள் இருவரில் ஒருவர் போதுமாம். சகலை என்ன சொன்னார் என்பதை மேனேஜரே எனக்குச் சொன்னார்.

"அண்ணன் எழுதினதை யாரு வேணும்னாலும் பார்த்துக்கலாம் சார். நான் எழுதினது எனக்கு மட்டும்தான் புரியும்."

அதில் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். என் ஒழுங்கை வைத்தே எனக்குக் குழி பறித்தார், என் வீட்டில் கை நனைத்த மனிதர்.

கடைசி வாரம் நான் முகம் சுளிக்கவில்லை. அவர் எழுதிய குப்பையைச் சுத்தமாக எழுதித் தந்துவிட்டுப் போகிறேன் என்றேன். மருந்தின் அளவுக்கு நான்கு இலக்கம். புள்ளி அதில் இருக்காது, எங்கே வைத்துப் படிப்பது என்று வரையறைதான் சொல்லும். இரண்டு இலக்கம், புள்ளி, இரண்டு இலக்கம் என்று இருந்தது. நான் மூன்று, புள்ளி, ஒன்று என்று எழுதினேன். மொத்த அகலம் அதே நான்குதான், அதனால் வரிசை கோணவில்லை, கம்ப்யூட்டரும் முணுமுணுக்கவில்லை. 0025 என்று பதிவான கால் மில்லி இரண்டரை மில்லி ஆனது.

நான் எதையும் மறைக்கவில்லை. புள்ளி எங்கே என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதி வைத்தேன். சகலை பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். அவருடைய அம்மா இருந்ததும் எங்கள் மருந்து போகும் இல்லத்தில்தான். இதயத்துக்குத் தினமும் கால் மில்லி. நானே பழம் வாங்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். பெற்றவள் குடிக்கிற மருந்து, ஒரு தடவையாவது படிக்க மாட்டாரா என்று நினைத்தேன். அவர் பக்கத்தைத் திறந்தார், அழகாக இருக்கிறது என்றார், கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாளில் நான்கு பேர். மூன்றாவது அவருடைய அம்மா. சவப்பெட்டியைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன்.

நேற்று சகலை வீட்டுக்கு வந்தார். கையெழுத்து அவருடையது என்பதால் பழி அவர் தலையில். எனக்குக் கை தவறியிருக்கும் என்றே இன்னும் நம்புகிறார். உங்கள் போலீஸ் விசாரணையில் என்னைக் காட்டிக்கொடுக்கவே மாட்டாராம்.

"நீங்க எழுதினதுன்னுதான் நான் படிக்கல அண்ணே. உங்க எழுத்தை நான் போய் சரிபார்க்கிறதா?"

என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுப் போனார்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். தெரிந்தேதான் மாற்றினேன், நான்கு பேரையும் கொன்றது நான்தான். ஆனால் அவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே ஒரு தடவை படித்திருக்கலாம். இரண்டாவது முறையும் என்னை ஏமாற்றிவிட்டார்.