முப்பத்தாறு ஆண்டு ட்ராக் பாடியவரின் முதல் பாட்டு

ரூபீனா, என் வகுப்புத் தோழி என்பதால் உன்னிடம் முதலில் ஒரு கெஞ்சல். காலையில் உன் கையில் தரப்போகும் இந்தத் தாள்களை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட. நாளை மாலை ஆறு மணிக்கு அப்பாவின் பாட்டு வெளியீட்டு விழாவில் நான் மேடை ஏறும்வரை உன் பைக்குள்ளேயே இருக்கட்டும். நான் நடுவில் படிக்க முடியாமல் நின்றுவிட்டால் நீ ஏறி வந்து மீதியைப் படித்துவிடு. தமிழ் மிஸ் எழுதிக் கொடுத்த வரவேற்புரையை நான் படிக்கப் போவதில்லை. இதைத்தான் பேசப் போகிறேன்.

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் வயலின் கலைஞர் சந்திரமௌலி மாமா அவர்களே, இந்த மன்றத்தின் கதவையும் மனத்தின் கதவையும் திறந்துவிட்ட எங்கள் சாந்தோம் பங்குத்தந்தை அவர்களே, ஒலிப்பதிவுக் கூடங்களில் என் அப்பாவோடு தேநீரையும் தூக்கத்தையும் பங்கிட்டுக்கொண்ட இசைக் கலைஞர்களே, பெரியோர்களே, பட்டினப்பாக்கத்திலிருந்து மீன்கடையை மூடிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் என் அம்மா பிரிஸில்லா டீச்சர் அவர்களே, அவர் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் இன்றைய நாயகர், என் அப்பா பவுல்சாமி அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

என் பெயர் ஜோன். பதினோராம் வகுப்பு.

பாடினால் பாடகர் என்கிறோம். பாடியும் பாடகர் ஆகாதவரை என்னவென்று சொல்வது? ட்ராக் பாடுபவர் என்று சொல்வார்கள். பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், பாட்டு இப்படித்தான் போகும் என்று ஒருவர் பாடிப் பதிந்து வைக்க வேண்டும். பெரியவர் வந்து அதைக் கேட்பார், கற்பார், பாடுவார். பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். முப்பத்தாறு ஆண்டுகளாக என் அப்பாவின் குரல் அழிந்தது. காதல் பாட்டில் அழிந்தது, கல்யாணப் பாட்டில் அழிந்தது, தாலாட்டில் அழிந்தது, தத்துவத்தில் அழிந்தது. அழிந்த குரலுக்கு யார் கைதட்டுவார்கள்?

ஒருமுறை தி. நகர் துணிக்கடையில் அம்மாவுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தோம். கடை ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வந்தது. அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. சேலையை விரித்துக்கொண்டிருந்தவரிடம், "தம்பி, இந்தப் பாட்டை முதல்ல பாடினது இவர்தான்" என்றார்.

அந்தத் தம்பி அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டுல வர்றது இவுக குரல் மாதிரி தெரியலியே மேடம். இந்த மாம்பழக் கலர் எடுத்துக் காட்டவா?"

"பிரிசி, சேலையைப் பாரு" என்றார் அப்பா.

சிரிக்கிறீர்கள். அப்பாவும் அன்று சிரித்தார். அம்மாதான் சேலை எடுக்காமலே கடையை விட்டு இறங்கினார்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆசையில் ஒரு பாட்டுக்குத் தன் சொந்த உருக்கத்தைக் கொஞ்சம் சேர்த்துவிட்டாராம். இசையமைப்பாளர் ஒலிப்பதிவை நிறுத்தி, "தம்பி, நீ வழி மட்டும் காட்டு. ஊருக்கு நீயே போய்ச் சேர்ந்துடாத" என்றாராம். அன்றிலிருந்து அப்பா வழி மட்டுமே காட்டினார். சுருதி விலகாமல், தாளம் தவறாமல், தன்னைக் கலக்காமல்.

அந்தப் பழக்கம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்று எங்களுக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

இன்று நாம் கொண்டாடும் பாட்டு, திருமணமான புதிதில் அம்மாவுக்காக அப்பா எழுதியது. 'பஸ் போனாப் போகட்டும், காத்து இருக்கு, நடக்கலாம்' என்று தொடங்கும். திருவான்மியூரில் கிளிஃபர்ட் அண்ணாவின் சின்ன ஸ்டூடியோவில் அதை ஒரு சிங்கிளாக, அதாவது படத்தில் வராத தனிப்பாட்டாகப் பதிவு செய்தோம். ஐம்பத்தெட்டு வயதில், தன் பெயரில், தன் குரலில் முதல் பாட்டு. அப்பா பாடினார். எப்படிப் பாடினார்? ட்ராக் பாடுவதுபோலவே பாடினார். யாரோ வந்து பாடப் போகிறார்கள் என்று இடம் விட்டு, ஒதுங்கி நின்று பாடினார்.

சந்திரமௌலி மாமா, நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "பவுலு, பிசிறே இல்லாமப் பாடிண்டிருக்கே. இதுல நீ எங்கடா இருக்கே?"

"சுருதி சரியாத்தானே அண்ணா இருக்கு" என்றார் அப்பா.

விளம்பரப் பொறுப்பெடுத்த ராகேஷ் அண்ணா அதைக் கேட்டுவிட்டு நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "அங்கிள், ட்ராக் சூப்பரா கீது. மெயின் வாய்ஸ் எப்போ எடுக்கிறீங்க?"

அப்பா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வெகுநேரம் குடித்தார்.

அன்று மதியம் அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். "அந்தப் பாட்டு முழுசா மறந்துபோச்சுங்க. ஒருதரம் பாடுங்க" என்றார். அப்பா தன் காதிலிருந்த ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டினார். மெல்லத் தன் காதையும் அதன்மேல் ஒட்டவைத்து, மைக்கை மறந்து, மனைவியைப் பார்த்துப் பாடினார். எனக்குப் பதினாறு வயது. அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாட்டு முடிந்ததும் அம்மா சிரித்தார். அப்போதுதான் கிளிஃபர்ட் அண்ணா மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், ரெக்கார்டு ஓடிக்கினே கீது. நான் ஆஃப் பண்ணவே இல்ல."

இதையே வெளியிடலாம் என்று நான் கெஞ்சினேன். அப்பா மறுத்தார். "அது பாட்டு இல்லம்மா. உங்கம்மாகிட்ட பேசினது. அதைப் போய் ஊர் கேக்கணுமா?"

அன்பானவர்களே, இனி நான் சொல்லப்போவது என் குற்றம். கிளிஃபர்ட் அண்ணா, எழுந்திருக்காதீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் இரண்டு பதிவுகளுக்கும் இசை சேர்த்து, ஒன்றை வெளியிடவும் ஒன்றை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவும் அனுப்பினீர்கள். இணையத்தில் பாட்டை ஏற்றும் வேலை என்னுடையது. நான் இரண்டாவதை ஏற்றிவிட்டேன். நேற்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு உலகத்துக்கு வெளியானது அதுதான்.

அப்பா, உங்கள் வார்த்தையை மீறினேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டுமான ஒன்றைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். அது திருட்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரெல்லாம் காதலிக்க வழி காட்டிய குரல், தன் காதலுக்கும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டுமா? அடுத்தவர் அழுவதற்கு அளந்து கொடுத்த குரல், தனக்காக ஒருமுறை தழுதழுக்கக் கூடாதா? எத்தனை நாள் இடம் விடுவீர்கள்? யாருக்கு இடம் விடுவீர்கள்? வரவேண்டியவர் வந்துவிட்டார் அப்பா. அவர் நீங்கள்தான்.

இரண்டு பாட்டும் இந்த மேடையில் தயாராக இருக்கின்றன. நீங்கள் கையை உயர்த்தினால் முதலாவதை ஒலிக்கவிடுவோம். வெளியானதையும் நாளையே எடுத்துவிடுவேன். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்பேன். இவ்வளவு நேரம் ஒரு பிள்ளையின் குற்றத்தைப் பொறுமையாகக் கேட்ட சபையோருக்கு என் நன்றியைச் சொல்லி—

ரூபீனா, மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அப்பாவும் அம்மாவும் பத்து மணிக்கே தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். கூடத்தில் பாட்டு கேட்கிறது. அப்பாவின் போன். இப்போது வெளியான அந்த இரண்டாவது பதிவு.

அம்மா ஏதோ சொல்கிறாள்.

பாட்டு முடிந்துவிட்டது. பதிவின் கடைசியில் இருக்கும் அம்மாவின் சிரிப்பும் வந்துவிட்டது.

மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. யாரும் நிறுத்தவில்லை. இதோ முழுவதும் ஓடி முடிந்தது. நாற்காலி நகர்கிறது. அப்பாவின் செருப்புச் சத்தம். என் அறைக் கதவைத் தட்டுகிறா