செவப்பு ஏற நாளாவும்

இல்லக்கா, அது கமுகு இல்ல. பாக்குறவிய எல்லாம் அப்படித்தான் சொல்லுவாவ. இது ரெட் பாம் ஆக்கும். சின்னதுல பச்சையாத்தான் இருக்கும், செவப்பு ஏற வருசங்க ஆவும். இஞ்ச குனிஞ்சு தண்டுக்க அடியில பாருங்க. ரத்தம் கட்டுன மாதிரி லேசா ஒரு நெறம் தெரியுதா? ஆங், அதேதான். மஞ்சத் தண்டுல கருத்த புள்ளி கெடந்தா அது வேற சாதி. அதைக் காட்டி ஏமாத்துகவியளும் உண்டு.

நான்தான் முளைக்க வச்சேன். என்னைக் கெட்டுன மாப்பிள ஜெயதாஸ் சிங்கப்பூர்ல ஒரு தோட்டத்துல வேல பாத்தாரு. லீவுக்கு வந்தப்போ விதை கொண்டு வந்தாரு. மாசக்கணக்கா ஒண்ணும் முளைக்கல்ல. சதுப்புல வளருத சாதி, கேட்டியளா, ஈரம் வத்தப்பிடாது. மொத முளை வந்தண்ணைக்கு போன்ல சொன்னேன். அங்கேருந்து கூவினாரு மனுசன்.

இப்போ இல்லக்கா. போன வருசம், நெஞ்சு வலி. பெட்டியிலதான் வந்தாரு.

என்னைப் பாக்காதீங்க, செடியையே பாத்துக்கிட்டு நில்லுங்க. வராந்தாவுல இருக்கது எனக்க மாமி, அவருக்க அம்மை. காது மந்தம், கண்ணு நல்லாத் தெரியும். அந்த ஓலையைப் பிடிச்சுப் பாருங்க. அப்படித்தான்.

நர்சரி இப்போ அவருக்க அண்ணன் ஞானையனுக்க கையில. இதை வளக்கத் தெரிஞ்சது நான் மட்டுந்தான், அதனால என்னை எங்கயும் விடமாட்டாவ. சர்ச்சுக்குக்கூட அவியகூட ஜீப்புல போயி அவியகூடத்தான் வரணும். போனுக்க டயல்ல பூட்டு. கேட்டுலயும் பூட்டு, செடி வாங்க ஆள் வந்தா மாமி திறப்பா. எனக்க தம்பி சுயம்பு பாலராமபுரத்துலேருந்து என்னை விளிச்சிட்டுப் போக வந்தான். அவளுக்கு வர இஷ்டமில்லன்னு கேட்டுலயே சொல்லிட்டாவ. நான் பொறத்த செடிக்கு தண்ணி ஊத்திட்டு நிக்கேன். அம்மைக்கு வாதம் வந்து கெடக்கு, ஒரு தடவ காட்டிட்டு கொண்டு விடுகேன்னு அவன் கெஞ்சுகது கேக்குது. ஓடிப்போயி விளிக்கப் பாத்தேன். கொழுந்தன் எனக்க வாயைப் பொத்திட்டான்.

போலீசா? வேண்டாம்க்கா. இஞ்ச எல்லாரும் ஞானையனுக்குத் தெரிஞ்சவிய.

சரி, இந்த ரெண்டும் எடுத்துக்கிடுங்க. வெயில்ல வைக்கலாம், வேரு காயப்பிடாது. டிரைவர் வரவேண்டாம், நானே தூக்கிட்டு வாறேன். மாமி காப்பி வேணுமான்னு கேக்குறா. வேணும்னு சத்தமாச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா.

மாமி உள்ள போயாச்சு. கேட்டு திறந்துதான் கெடக்கு.

உங்க வேனுக்க பொறத்த கதவைத் திறக்கச் சொல்லுங்க. ஒண்ணு வச்சாச்சு. இதும் வச்சாச்சு. ஞானையனும் கொழுந்தனுமா பாறசாலைக்கு உரம் எடுக்கப் போயிருக்காவ. வழியில ஜீப்பு எதிர வந்தா நிறுத்த வேண்டாம். நெய்யாற்றின்கரை வரை போதும்க்கா, அங்கேருந்து பாலராமபுரத்துக்கு பஸ் உண்டு.

கதவை அடைங்க. நான் உள்ள இருந்தாச்சு.