கடைசி வாங்கு

இல்ல ஸமீம், உங்கட ஃபாமசியக் குறை சொல்லேல்ல. இந்த மாத்திரைய எழுதின டொக்டரத்தான் சொல்றன். ரெண்டு மாசமாப் போடுறன், குறையிறதுக்குப் பதிலாக் கூடிட்டுது. ஒண்டுக்குப் போய் வந்து, திருப்பிப் போறதுக்கிடையில கிடைக்கிற நேரத்திலதான் இப்ப நான் சீவிக்கிறன்! இதுக்கா அந்த மனுசன் லண்டன் வரைக்கும் போய்ப் படிச்சவர்?

மெதுவாக் கதைக்கவா? ஓ, மருந்து வாங்க வந்த அந்த ஐயா... போயிட்டாரா? சரி.

இரும ஏலாது, தும்ம ஏலாது, சிரிக்க ஏலாது. நான்! என்ட சிரிப்புக்கு கொட்டாஞ்சேனையில மூண்டு வீட்டு ஜன்னல் திறக்கும். இப்ப என்னடாவெண்டா, மகளுக்கு நல்ல இடத்தில கலியாணம் சரிவந்ததால இந்தப் பேர்ணடெற்றுக்குப் பெருமை பிடிச்சிட்டுதாம், சிரிக்கிறதும் இல்லையாம். பெருமை! மார்க்கெட்டில கீரைக்கு விலை பேசிப் பாதியில விட்டிட்டு ஓடி வாறவளுக்குப் பெருமை. சாரி எடுக்க வெள்ளவத்தைக்குப் போனனே, வழியில எங்க டொய்லெட் இருக்கு, எதுக்குக் கதவுக் கொண்டி இல்ல, எதில சாவிய வச்சிருக்கிற மனுசி முறைப்பா, எல்லாம் எனக்குப் பாடம். போன கிழமை பஸ் புறக்கோட்டை ட்ராஃபிக்கில நிண்டிட்டுது. "மல்லி, பஹின்ன ஓன!" எண்டு கொண்டக்டருக்குச் சிங்களத்தில கத்தி இறங்கிட்டன். இது பஸ் ஹோல்ட் இல்லையாம். என்ட அவசரத்துக்கு ஹோல்ட் பாக்கவா?

தண்ணி குடிக்கிறதையும் விட்டிட்டன். பிளேன்டீ மட்டும், ஒரு நாளைக்கு ஆறு... என்ன, அதுவும் கூடாதா? பிறகு நான் என்னத்துக்குக் காலமை எழும்புறது?

இப்ப கேளுங்க. சனிக்கிழமை என்ட ஷெரினுக்குக் கலியாணப் பூசை. ஃபாதர்ட பிரசங்கத்தோட ஒண்டரை மணித்தியாலம். பெத்த தாய் முன் வாங்கில, முதல் வரிசையில இருக்கோணும். நடுவில எழும்பி ஓடினா? அதால பக்கக் கதவுக்குக் கிட்ட, கடைசி வாங்கில இருக்கிறன் எண்டன். ஏன் மமி எண்டு கேட்டாள். என்னத்தச் சொல்ல? வாயில வந்தத, "உன்ட மாமி மாக்ரெட்டோட ஒரே வரிசையில என்னால இருக்க ஏலாது" எண்டிட்டன். மூண்டு கிழமையா அவள் என்னோட கதைக்கிறேல்ல. கலியாணப் பிள்ளை, சாப்பாட்டுக் கோப்பைய அறைக்குள்ள கொண்டுபோய் அழுதழுது சாப்பிடுறாள். எனக்கு நெஞ்சு வெடிக்குது ஸமீம்.

அந்த மாக்ரெட்டும் லேசுப்பட்ட ஆளில்ல. வத்தளையில இருந்து ஃபாதருக்கு போன் பண்ணி, தனக்கும் அதே கடைசி வாங்குதான் வேணுமாம்! எனக்குப் போட்டிக்கு! முன் வாங்குக்கு அடிபடுற சம்பந்திமாரத்தான் ஃபாதர் இவ்வளவு காலமும் கண்டவர். இப்ப பாவம், தலையில கை வச்சுக்கொண்டு திரியுறார்.

என்ன கேட்டீங்க? டொக்டரிட்ட என்ன வருத்தமெண்டு சொன்னனானா...

கால் வீக்கமெண்டு.

ஸமீம், அவர் டொக்டர் ஒஸ்வால்ட்! கொயரில எனக்குப் பின்னுக்கு நிண்டு பாடுற மனுசன்! அவரிட்டப் போய், "டொக்டர், மேல் சுதி பிடிக்கேக்க எனக்கு..." எண்டு எப்பிடிச் சொல்றது? காலக் காட்டினன். பின்னேரத்தில ஆருக்குத்தான் கால் வீங்காது? ரெண்டு தரம் அமத்திப் பாத்திட்டு இத எழுதித் தந்தார்.

என்ன? திருப்பிச் சொல்லுங்க... உடம்பில நிக்கிற தண்ணிய வெளியில எடுக்கிற மாத்திரையா?

மாதாவே! அறுபது நாள், ஒரு நாள் தவறாம, நானே என்ட கையால விழுங்கினனே!

சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வந்தா உங்கட கதிரைக்குத்தான் கேடு. சரி, சரி, மாத்திரைய நானா நிப்பாட்டமாட்டன். இண்டைக்கே போய் உள்ளத உள்ளபடி சொல்றன். இதுக்குப் பயிற்சி இருக்கா? குறைக்கலாமா? அப்ப ஏழு வருசமா நான் இத மறைச்சு...

என்ன? இந்தக் கவுண்டருக்கு வாற பொம்பிளையள் கனபேர் இதத்தான் காதுக்குள்ள கேக்கிறவங்களா? கொட்டாஞ்சேனையிலயா? ஒருத்தி வாய் திறக்கேல்லையே! நான் மட்டும்தானெண்டு எல்லோ...

பொறுங்க. மாக்ரெட் கேட்டதும் கடைசி வாங்கு. பக்கக் கதவு.

என்ட போன் எங்க... ஹலோ, மாக்ரெட்? பேர்ணடெற் கதைக்கிறன். வைக்காதீங்க சம்பந்தி, சண்டைக்கு இல்ல. ஒண்டு கேக்கிறன், கோவிக்க வேணாம். வத்தளையில இருந்து வரேக்க பஸ் பாலத்தில ட்ராஃபிக்கில இறுகிட்டுதெண்டா... நீங்க என்ன செய்வீங்க?

...

ஐயோ, அழாதீங்க. எத்தினை வருசமா?