மஞ்சள் கோடு

பெயிண்ட் பேனாவை இப்படி நிமிர்த்தி வைக்கக் கூடாது, ஐயா. படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பெயிண்ட் அடியில் தங்கி முனை காய்ந்துபோகும். சான்றுப் பொருள் என்று சீட்டெல்லாம் ஒட்டிவிட்டு, அதைக் கொண்டுபோய் டீ கிளாசில் நட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் போலீஸ் ஸ்டேஷன், உங்கள் கிளாஸ். நான் சொன்னேன் என்று இருக்கட்டும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் பட்டறைக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் மேல் பரிதாபப்பட்டுக்கொண்டு நான் வரவில்லை. விபத்துக்கு முந்தின நாள் காலையில் வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டியவன் அவன் என்பதால், அவன்தான் எதையோ முடுக்க மறந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவன் மறக்கிற ஜாதி இல்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று குதிக்கிற ஜாதி. அவன் கை பட்ட நட்டைக் கழற்ற அக்கம்பக்கத்து ஆட்களைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். அப்பேர்ப்பட்டவன் பெயரில் என் வேலையை நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

முதலில் வண்டி. உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஜீப் போன்ற வாகனம்’ என்று இருக்கிறது. ஜீப் இல்லை. மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, தலைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, கதவுக்குப் பதில் வலை. கல்குவாரி மேலாளர் ஒருவர் ஓட்டி ஓட்டிச் சீரழித்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்ததை என் தங்கையின் புருஷன் கண்டுபிடித்தான். நேரில் பார்த்தால் ‘வாங்க மாப்பிள்ளை’ என்பேன். மனசுக்குள் எப்போதும் ‘அவன்’தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் அடுக்குமாடி வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடம் போதாது. தங்கை வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை இருந்தது. அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். திறந்து பார்த்தேன். காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. எஞ்சினையும் சக்கரத்தையும் இணைக்கிற ரப்பர் பெல்ட் நார் நாராகக் கிழிந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஆயிலில் தண்ணீர் இறங்கி, பால் ஊற்றின காபி மாதிரி இருந்தது. அவன் பக்கத்தில் நின்று சொன்னான்: “என்ன மச்சான், ஒரு கழுவு கழுவினா ஓடிடும்ல?” மெத்தைக் கடை வைத்திருப்பவனுக்கு அவ்வளவுதான் தெரியும். தட்டிப் பார்த்து விற்கிற தொழில்.

விடுமுறை நாளெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் இருந்தேன். எஞ்சினைப் பிரித்தேன். பேரிங்குகளை மாற்றினேன். வயர்களை எலி கடித்த இடமெல்லாம் வெட்டி, பற்றவைத்து, உறை போட்டேன். நகத்தளவு போல்ட்டைக்கூட மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துத்தான் திருப்பி மாட்டினேன். தங்கை அவ்வப்போது டீ கொண்டுவந்து வைப்பாள். “அண்ணா, ஆறிப்போகுது” என்பாள். ஆறித்தான் குடிப்பேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். நான் பம்ப் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்களிடம் ஒரு வழக்கம். நட்டை உரிய அளவுக்கு முடுக்கியதும், முடுக்கியவனே நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு நேராக இருந்தால் நட்டு சரியாக இருக்கிறது, தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஒருத்தன் ஒரு தடவை முடுக்காமலே கோடு போட்டுவிட்டான். அன்றைக்கே அவனை வெளியே அனுப்ப வைத்தேன். “புள்ளைங்க இருக்கு சார்” என்று காலைப் பிடித்தான். கோடு பொய் சொன்னால் அப்புறம் எதை நம்புவது என்று அவனிடம் கேட்டேன். 

அந்தப் பழக்கத்தில் வண்டி முழுக்கக் கோடு போட்டேன். அடியில் படுத்து டார்ச் அடித்தால் வரிசையாக மஞ்சள் மின்னும். அவ்வளவு அழகாக இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கூண்டும் பெரிய டயரும்தான் கண்ணில் படும், விடுங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் அது அவன் வண்டியாகிவிட்டது. சாவி அவன் வீட்டு ஆணியில் தொங்கியது. தெருவில் எல்லாரும் அவனைத்தான் நிறுத்தி விசாரித்தார்கள். பழைய குவாரிப் பக்கம் கொண்டுபோய், சேற்றில் இறக்கி, பாறையில் ஏற்றி, புரண்டு எழுந்த எருமை மாதிரி வண்டியைக் கொண்டுவந்து விடுவான். ஒரு வாரம் பெல்ட் கருகியிருக்கும், ஒரு வாரம் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் ஒழுகும். வருத்தப்பட மாட்டான். “மச்சான் பாத்துக்குவாரு” என்பான். சிரிப்பான். அந்தச் சிரிப்பை வைத்தே கடை நடத்தியவன் அவன். எதையும் திறந்து பார்க்கவும் மாட்டான், குனிந்து பார்க்கவும் மாட்டான். பெட்ரோல் முள்ளைக்கூடப் பார்க்காமல் போய் நடுவழியில் நின்றிருக்கிறான்.

ஒரு தடவை நான் ஓட்டினேன். ஓட்டிப் பார்க்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான். சரளை மேட்டில் பாதி ஏறினதும் என் கால் பிரேக்கிலேயே ஒட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அவன் நடந்து ஏறி வந்தான். “கையை எடுங்க மச்சான். இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க. ஒண்ணும் ஆகாது” என்று, குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசி வண்டியை இறக்கினான்.

அடுத்த ஞாயிறு தங்கை வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. எங்கள் இரண்டு குடும்பமும், அவன் கடை ஆட்களும். அவன் எழுந்து நின்று நடித்தே காட்டினான். “ஸ்பானரைக் கையில குடுத்தா மச்சான் சிங்கம். ஸ்டியரிங்கைக் குடுத்தா கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிடுறாரு!” எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்னோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபித்துக்கொண்டான் என்பார்கள்.

கோபமெல்லாம் இல்லை, ஐயா. கோபக்காரர்கள் கத்துவார்கள், கல்லை எடுப்பார்கள். நான் சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். பட்டறைக்காரன் பஞ்சர் ஒட்டிய சக்கரம் பளபளவென்று இருந்தது. அதற்குப் பின்னால் இருக்கிறதை அவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்ப வேண்டும் இல்லையா, இரண்டையும் இணைக்கிற தண்டு ஒன்று அங்கே இருக்கிறது. தண்டின் முனையை ஒரு நட்டு பிடித்திருக்கும். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு சின்ன பின் கோர்த்திருக்கும். உங்கள் ஆட்கள் எடுத்த போட்டோவில் துவாரம் காலியாக இருக்கிறது பாருங்கள். பின் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது விழாது. அந்தப் பின் என் வீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. நட்டை விரலால் திருகிய அளவோடு விட்டுவிட்டேன். மேலே கோடு போட்டேன்.

தங்கையை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சில ஞாயிறு அவளும் அவனோடு போவாள். அதனால் பக்கத்து இருக்கையின் பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். “தையல் விட்டிருக்கு, தைச்சுக் கொண்டுவர்றேன். அதுவரைக்கும் நீ ஏறக் கூடாது” என்றேன். “சரிண்ணா” என்றாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. அவளுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கூடப்பிறந்தவனாக என் கடமையில் நான் குறை வைக்கவில்லை.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். குவாரி விளிம்புப் பாதையில் சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டது. கூண்டு நசுங்கவில்லை, கவனித்தீர்களா? முதலில் பட்டறைக்காரன் போட்டிருந்த வெல்டிங்கை நான் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தது அது. ஆனால் கீழே தண்ணீர் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீ பெல்ட்டைக் கழட்டலேன்னா நானும் போயிருப்பேண்ணா. நீதான் என்னைக் காப்பாத்தினே” என்றாள். ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதானே.

என்னைப் பொறுத்தவரை இதில் பாதிக்கு மேல் அவனுடைய அலட்சியம். கையை விட்டு ஒரு தடவை அசைத்துப் பார்த்திருந்தால் நட்டு கையோடு வந்திருக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எதையும் பார்க்காதவன் என்றைக்காவது ஒரு நாள் இப்படித்தான் போவான். என்னால் இல்லாவிட்டால் வேறொன்றால்.

நீங்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒன்று கேட்டீர்கள். எதையும் பார்க்காதவனுக்குக் கோடு எதற்கு என்று. நல்ல கேள்வி. உங்களிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

வரிசையில் ஒன்று மட்டும் கோடில்லாமல் இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று சொல்லலாம் என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அரைகுறையாக விட எனக்குப் பிடிக்காது.

அந்தச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவன் ஒரு காலையில் எனக்குப் போன் செய்தான். கொட்டகையிலிருந்து. “மச்சான், பின்சக்கரத்துக்கிட்ட ஒரு நட்டுல கோடு இல்லியே. வண்டியை எடுக்கலாமா, வேண்டாமா?” பெயிண்ட் அழிந்திருக்கும் என்றேன். எதற்கும் போய்ப் பார்த்தேன். அழியவில்லை. நான் முடுக்கவே இல்லை. நட்டை மாட்டிவிட்டு வேறு எதிலோ கவனமாகிவிட்டிருக்கிறேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான் முடுக்கி முடித்ததும், “பரவால்ல மச்சான், எவ்வளவு வேலையை ஒத்தை ஆளா பாக்கறீங்க” என்று என் தோளைத் தட்டினான்.

என் வேலையில் அதுவரை ஒருத்தன் குறை கண்டுபிடித்ததில்லை, ஐயா.

அந்தச் சாப்பாட்டில் அவன் எழுந்து நின்றபோது அதைத்தான் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.  அவன் மேட்டுக் கதையைச் சொன்னான். அதைச் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை, தங்கையிடம்கூட இல்லை. நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். என்னை மன்னித்து விட்டுவிட்டான். மெத்தை விற்கிறவன்.

பெட்ரோல் முள்ளைப் பார்க்க மாட்டான், ஆயிலைப் பார்க்க மாட்டான். ஆனால் சாவி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தரையில் முட்டி போட்டு, போனில் லைட் அடித்து, என் கோடுகளை மட்டும் பார்ப்பான். தொட்டுப் பார்க்க மாட்டான். என் கோட்டைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு மரியாதைக் குறைவு என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் முட்டி போட்டானாம். “மச்சான் எல்லாத்துலயும் கோடு போட்டுட்டாரு, கவலையே இல்ல” என்று சொல்லிவிட்டு, முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறினானாம்.

எழுதிக்கொள்ளுங்கள். கோடு இல்லாமல் இருந்திருந்தால் அவன் வண்டியை எடுத்திருக்க மாட்டான்.